ஏழாவது வரியும் போஸ்டர் தின்ற ஆடும்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்புவித்தல் போட்டி. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் மேடையேறினாள். பன்னிரண்டு வரிப் பாட்டு.

2. ஆறு வரி வந்தது. ஏழாவது வரவில்லை.

3. முதல் வரிக்குத் திரும்பிப் போய் வேகமெடுத்து வந்தாள். ஆறாவது வரியில் மறுபடியும் நின்றது. இப்படி மூன்று முறை.

4. தலைமை ஆசிரியை மைக்கில், "போதும்மா, இறங்கு" என்றார். மைக் நன்றாக வேலை செய்தது.

5. அவள் வீடு வந்து சேர்வதற்குள் 'அரைப்பாட்டு' என்ற பெயர் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வைத்தவள் எதிர்வீட்டுப் பெண். அதே வகுப்பு, அதே பெஞ்ச்.

6. என் அண்ணன் மகள் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுபோய் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்துக் கழிவு நூல் மூட்டைக்குள் திணித்தாள். இனி எந்தப் பாட்டையும் வாசிக்க மாட்டேன் என்றாள்.

7. ஆண்டு விழாவில் அதே பாட்டை அவள் முழுசாகச் சொல்லியே தீர வேண்டும் என்று அவள் அம்மா, அதாவது என் மதினி, முடிவு செய்தாள். பொறுப்பு என்னுடையது என்பதும் அந்த முடிவிலேயே இருந்தது.

ஏழாவதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் மென்பொருள் சோதனை செய்பவள். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, அதை வரிசை எண் போட்டு எழுதி அனுப்புவது என் வேலை. மூன்று வருடமாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். வீட்டின் பின்பக்கம் அண்ணனுடைய தறிக்கூடம். பன்னிரண்டு விசைத்தறிகள். காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தால் சாயந்தரம் வரை நிற்காது. அலுவலகக் கூட்டங்களில் நான் பேச ஆரம்பித்தால் என் மேலாளர், "ரயில் போய் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்பார். மூன்று வருடமாக அந்த ரயில் போய்க்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

மதினியின் கணக்கில் இதற்கெல்லாம் வேலை என்று பெயர் கிடையாது.

"லேப்டாப்ப மடியில வச்சிக்கிட்டு சும்மாதான இருக்க. பிள்ளைக்கு ஒரு பாட்டச் சொல்லிக் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்றாள்.

"அவதான் வாசிக்க மாட்டேங்காளே மதினி."

"அவ கெடக்கா. ஊர்ல உள்ளவுகல்லாம் பிள்ளைய அரைப்பாட்டு, அரைப்பாட்டுங்காவ. எனக்கு நெஞ்சு கொதிக்குது."

அதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் வைத்த பெயர் லேசில் போகாது. சின்ன வயதில் ஒருமுறை பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு ராஜபாளையம் வரைக்கும் போய்விட்டார் ஒருவர். இப்போது பேரன் எடுத்த பிறகும் தெரு அவரை 'ராஜபாளையம்' என்றுதான் கூப்பிடுகிறது. கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படிச் சொல்லித்தான் கொடுத்தனுப்புகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, நான் பெரியவளாகி வேலைக்குப் போனாலும் அப்படித்தான் கூப்பிடுவாங்களா?"

"வேற ஊர்ல வேலை பாரு."

"அப்பம் இங்கன வரும்போது?"

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பெயர் போக வேண்டும்.

நான் பட்டியல் போட்டேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒன்பது வரிசை, நான்கு கட்டம்: செய்ய வேண்டியது, எதிர்பார்ப்பது, நடந்தது, தேறியதா. முதல் வரிசையில் 'பாடப் பாட்டை விட்டுவிட்டுப் பிடித்த மாதிரியான கவிதைகளை வாசிக்க வைப்பது' என்று எழுதினேன். மேடைப் பாட்டைத் தாய்மொழியின் பெருமைக்காக யாரோ பன்னிரண்டு வரியில் முழங்கியிருந்தார்கள். அதை மறுபடியும் அவள் முன்னால் வைத்தால் மூட்டைக்குள் புத்தகத்தோடு சேர்ந்து அவளும் போய்விடுவாள் என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புத்தகக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, சின்னப் பிள்ளைங்க வாசிக்கக் கவிதைப் புத்தகம் இருக்கா?"

"எந்த கிளாஸுக்கு?"

"கிளாஸுக்கு இல்ல. சும்மா வாசிக்க."

அவர் தராசில் நிறுப்பது போல என்னை ஒருமுறை பார்த்தார். "சும்மா வாசிக்கவா?"

"ஆமா."

"மனப்பாடப் பாட்டு மட்டும் தனியா கைடு வந்திருக்கு. அதுல எதுகை மோனை எல்லாம் அவனே அடியில கோடு போட்டுத் தந்திருக்கான். எடுத்துக்கோ."

"அது வேண்டாம் அண்ணாச்சி. படிச்சிட்டுச் சிரிக்கிற மாதிரி."

"கவிதையப் படிச்சிட்டா?" என்றவர், உள்ளே திரும்பிக் கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே எழுந்து போய் ஜோக் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து வைத்தார்.

கடைசியில் கூரியரில் நாலு ஒல்லிப் புத்தகங்கள் வரவழைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் மாடி அறையில் என் அண்ணன் மகளை உட்கார வைத்தேன். தனியாக இருந்தால் முரண்டு பிடிப்பாள் என்று எதிர்வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டேன். பெயர் வைத்த அதே பெண்தான். பகை இருந்தாலும் முறுக்கு இருக்கிறது என்றதும் வந்துவிட்டாள்.

நான் தேர்ந்தெடுத்த கவிதை ஓர் ஆட்டைப் பற்றியது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா போஸ்டரை அது தின்கிறது. முதலில் கதாநாயகனின் மீசை, பிறகு வில்லனின் துப்பாக்கி, பிறகு கதாநாயகியின் கொண்டைப் பூ. எல்லாம் தீர்ந்ததும் சுவரில் மிச்சமிருக்கும் பசையை நக்கிவிட்டு, படம் சுமார் என்று சொல்லிப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வாசித்து முடித்ததும் அறையில் அமைதி. அமைதி என்றால் பன்னிரண்டு தறிகள் ஓடும் அமைதி.

"இதுல ஸ்டார் போட்டிருக்கா அத்தை?" என்றாள் அண்ணன் மகள். பாடப் புத்தகத்தில் நட்சத்திரம் போட்ட பாட்டைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

"ஸ்டார் கிடையாது."

"பெறவு எதுக்கு வாசிக்கணும்?"

எதிர்வீட்டுப் பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, இக்கவிதையில் எதுகையும் மோனையும் சிறப்பாக அமைந்துள்ளன."

"எங்க அமைஞ்சிருக்கு? காட்டு பார்ப்போம்."

"அது தெரியாது. ஆனா அமைஞ்சிருக்கும்."

நானும் விடாமல், "இதிலிருந்து உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். ஆட்டை வளர்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி. சுவரில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றாள் மற்றவள். இரண்டையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன். கவிதை வாசித்த பிள்ளையிடம் உடனே வாக்குமூலம் வாங்குவது பள்ளிக்கூடத்துக்காரர்கள் செய்யும் கோட்டித்தனம் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அது இன்னும் மோசம். தறிச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது. தேர்தல் ஆட்டோவில் ஓட்டுக் கேட்கிற மாதிரி ஆட்டுக் கவிதையை இரண்டு பேரும் முழங்கினார்கள். பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி கையும் சேர்ந்துகொண்டது. மேலே காட்டினால் வானம், மார்பில் வைத்தால் நெஞ்சம். மீசைக்கு எங்கே காட்டுவது என்று தெரியாமல் கை மட்டும் பாதியில் நின்றது. மீதி யோசனைகளும் இப்படியே போக, ஒன்பது வரிசையிலும் 'தேறவில்லை' என்று எழுதிப் பட்டியலை மூடினேன்.

இங்கே தறிக்கூடத்தில் பேசும் விதத்தைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் கத்த மாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. பேச நினைப்பவர் முகத்தை முழுதாகத் திருப்பி, சத்தமே இல்லாமல் உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொல்வார். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சரியாகப் புரிந்ததா என்று அதையே தன் உதட்டால் திருப்பிச் சொல்வார். இவர் தலையாட்டுவார். பிறகுதான் அடுத்த பேச்சு. நூல் அறுந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் இப்படித்தான் போகும். எங்கள் அலுவலகத்தில் இந்த முறைக்கு நாலு கூட்டம் போட்டு ஒரு பெயர் வைப்பார்கள். மதினி கூடத்து வாசலில் நின்று அண்ணனைத் திட்டுவதும் இதே முறையில்தான். திட்டு அளவு மீறினால் அண்ணன் சட்டென்று குனிந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவைப் பார்ப்பான். போனைத் துண்டிப்பதற்குச் சமம் அது.

வீட்டுக்கு வீடு தறி ஓடும் எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது வரும். எனக்கும் வந்தது. கல்லூரி விடுதியில் நாலு வருடம், சென்னையில் மூன்று வருடம் இருந்ததில் பாதி மறந்துவிட்டது.

பட்டியலை மூடிய நாலாவது நாள், என் அண்ணன் மகளைச் சாப்பிடக் கூப்பிடக் கூடத்துக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் கோடியில் அவள் நின்றாள். அந்தக் கோடி ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பெண்ணின் முகம். இவள் உதட்டை அசைக்கிறாள். அவள் அதைத் திருப்பிச் சொல்கிறாள். இவள் தலையாட்டுகிறாள். அடுத்தது. திடீரென்று அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பக்கத்துத் தறியில் நின்ற அண்ணன்கூட வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்னட்டி சொன்ன?" என்று வெளியே இழுத்து வந்து கேட்டேன்.

"அவதான் ஜன்னல்ல நின்னுக்கிட்டு அரைப்பாட்டு, அரைப்பாட்டுன்னு உதட்டாலயே சொன்னா. எனக்குக் கோவம் வந்துட்டு. முழுசாச் சொல்லுதேன் பாருன்னு அந்த ஆட்டுப் பாட்டச் சொன்னேன்."

"முழுசாவா? மறக்கலியா?"

"எப்படி மறக்கும்? அவ ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லுதால்லா. மீச வரைக்கும் முறைச்சிக்கிட்டே நின்னா. பசைய நக்குனதும் சிரிச்சிட்டா."

நான் ஒருமுறை வாசித்ததையும், அவர்கள் ஒருமுறை கத்தியதையும் தவிர அந்தக் கவிதை அவள் கண்ணில் பட்டதே இல்லை. யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. என் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். நாலு புத்தகங்களையும் தறிக்கூடத்து அலமாரியில், எண்ணெய்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் இரண்டு, பிறகு நாலு, பிறகு ஆறு. ஒருத்தி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தக் கோடியில் நிற்பாள். மற்றவர்கள் அந்தக் கோடி ஜன்னலில் தொங்குவார்கள். வரிக்கு வரி திருப்பிச் சொல்ல வேண்டும். சிரிக்க வைத்தால் ஜெயித்தாள். தறி ஓட்டுகிறவர்களும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒருநாள் சுமாரான கவிதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மூத்த தறிக்காரர் ஒருவர் குனிந்து நாடாவைப் பார்த்தார். அதைவிடச் சுருக்கமான விமர்சனம் நான் கேட்டதில்லை.

பிள்ளைகளிடம் விரைவிலேயே ஓர் இலக்கியக் கொள்கையும் உருவாகிவிட்டது. 'ப', 'ம', 'வ' எல்லாம் உதட்டில் நடப்பவை. தூரத்திலிருந்தும் தெரியும். 'க', 'ங' எல்லாம் தொண்டைக்குள் நடக்கும் சமாச்சாரம். எனவே கவிதைகள் இரண்டு வகை: உதட்டுப் பாட்டு, தொண்டைப் பாட்டு. உதட்டுப் பாட்டு நல்ல பாட்டு. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கவிதையை வகைப்படுத்தியிருக்கிறார்கள். இது ஒன்றும் அவற்றைவிட மோசமில்லை.

மாதாந்திர மின்தடை நாளில்தான் சிக்கல். தறிகள் நின்றன. தெருவே காதை அடைத்தது போல இருந்தது. அது சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் வழக்கம்போல வந்துவிட்டார்கள். என் அண்ணன் மகள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். சத்தமில்லாத இடத்தில் சத்தமில்லாமல் பேசுவது அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் குரல் கொடுத்தாள். கத்தல் இல்லை, கை இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வது போல ஆட்டுக் கவிதையைக் கடைசி வரை சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் குரலை யாரோ மாற்றிவிட்டது போல விழித்தாள்.

"நல்லாத்தான்ட்டி இருக்கு" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "ஆனா அரைப்பாட்டு அரைப்பாட்டுதான். ஸ்டார் போட்டதச் சொல்லு, பாக்கலாம்."

அன்றைக்குத்தான் மூட்டையிலிருந்து தமிழ்ப் புத்தகம் வெளியே வந்தது. அட்டையைக் காணோம். உள்ளே எல்லாம் பச்சை நூல். பன்னிரண்டு வரியையும் ஒருமுறை உதட்டால் சொல்லிப் பார்த்து, "தொண்டைப் பாட்டு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தை மாதம் ஆண்டு விழா. பள்ளி மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் நடுவர்கள் மூன்று பேர். மூவரும் வெளியூர். ஒருவர் வாசுதேவநல்லூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இடதுபக்கம் முழுக்க எங்கள் தெரு. தறிக்கு அரை நாள் லீவு விட்டு வந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் முதலிலேயே ஏறி, வேறொரு பாட்டை வழுக்காமல் சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் மகள் ஏழாவது ஆள். மதினி என் கையைப் பிடித்திருந்தாள். பிடி பலமாக இருந்ததால் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

ஆறு வரி வந்தது.

ஏழாவது வரவில்லை.

பந்தலில் பேச்சு நின்றது. தலைமை ஆசிரியையின் கை மைக்கைத் தேடியது. அண்ணன் மகள் முதல் வரிக்குத் திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. எங்கள் தெரு இருந்த பக்கம் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் எதிர்வீட்டுப் பெண் முகத்தை முழுதாக அவள் பக்கம் திருப்பி, உதட்டைப் பெரிதாக அசைத்து, சத்தமே இல்லாமல் ஏழாவது வரியைச் சொன்னாள்.

இவள் அதை மைக்கில் சொன்னாள். தறிக்கூட வழக்கப்படி, வரியைத் திருப்பிச் சொன்னதுபோலத்தான் இருந்தது. அந்தப் பெண் தலையாட்டினாள். எட்டாவது தானாக வந்தது. பன்னிரண்டும் முடிந்தது.

நடுவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு எல்லாம் தெரிந்தது. நாற்பது ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் பந்தல் துணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கைதட்டல் அடங்கும் வரை நின்றாள். பிறகு எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்து, மைக்குக்கு முன்னால், சத்தமில்லாமல் ஆட்டுக் கவிதையைத் தொடங்கினாள்.

தலைமை ஆசிரியை எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, மைக்குக்கு என்னாச்சு?"

மைக்செட்காரர் எல்லாத் திருகையும் திருகினார். ஓடிவந்து மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். பந்தல் அதிர்ந்தது. "மைக்கு நல்லாத்தான் இருக்கு டீச்சர். பிள்ளைக்குத்தான் சவுண்டு வரல."

அதற்குள் ஆடு மீசையைத் தின்றுவிட்டது. இடதுபக்கம் லேசாகக் குலுங்கியது. துப்பாக்கி. கொண்டைப் பூ. பசையை நக்கியதும் எங்கள் தெரு மொத்தமும் வெடித்துச் சிரித்தது. மற்ற பாதிப் பந்தல் என்ன ஜோக் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. வாசுதேவநல்லூர் ஆசிரியர் தன் காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டார்.

பரிசு கிடைக்கவில்லை. மேடையில் தேவையில்லாமல் நின்று நேரத்தை வீணடித்ததற்காக மதிப்பெண் குறைத்ததாகப் பிறகு சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாம் பரிசு, எவர்சில்வர் டப்பா.

அவளிடம் கேட்டேன். "ஏட்டி, அவ பாதியில நின்னிருந்தா உனக்கு லாபம்தான? எதுக்கு எடுத்துக் குடுத்த?"

"எனக்கே மூச்சு முட்டிட்டு அக்கா. ஆரம்பிச்சா முடிக்கணும்லா."

வீட்டுக்கு நடந்து வரும்போது என் அண்ணன் மகள் சத்தமாக, "அம்மா, ஏழாவது வரி நான் சொல்லல, அவதான் சொன்னா" என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். தெருவில் ஆட்கள் நின்றார்கள். மதினி முகத்தை முழுதாக அவள் பக்கம் திருப்பி, உதட்டைப் பெரிதாக அசைத்து, சத்தமில்லாமல், "வாய மூடு" என்றாள். பிள்ளை வழக்கப்படி அதைத் திருப்பிச் சொன்னாள். மதினி தலையாட்டினாள்.

மறுநாள் காலை ஜன்னலில் எதிர்வீட்டுப் பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் கூப்பிட்டது 'ஒன்றரைப் பாட்டு' என்று. குரலோடு ஒன்று, குரல் இல்லாமல் ஒன்று. இரண்டாவதை அவள் அரையாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டாளாம். என் அண்ணன் மகள் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் பல் தேய்க்கப் போனாள்.

இன்றைய நிலை இது. தெரு அவளை ஒன்றரை என்று கூப்பிடுகிறது. அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நாலு புத்தகத்தில் ஒன்று தொலைந்தது, ஒன்றில் எண்ணெய்க் கறை, மற்ற இரண்டும் சுற்றில் இருக்கின்றன. இன்னும் மூன்று புத்தகங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்; உதட்டுப் பாட்டாகப் பார்த்து வாங்கும்படி உத்தரவு. பள்ளி விட்டதும் ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். மேலாளர் இன்னும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார். ஏழாவது வரி அவளுக்கு இன்றுவரை மனப்பாடம் இல்லை.